அரை மாரத்தான்: ஒரு பருப்பு வியாபாரியின் அனுபவமும் சில விளக்கங்களும்

நம் சங்கத்து மலருக்கு வழக்கமாகக் கல்வெட்டு, பழைய அளவைகள், ஊர்ப்பெயர் என்று ஏதாவது எழுதிக் கொடுப்பேன். இந்த முறை ஓட்டப் பந்தயத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர், "யார் ஓடினது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். மனிதர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "முழங்கால் எப்படி இருக்கு?" என்றார். அறுபதைத் தாண்டியவன் ஓடினேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் என்னைப் பொறுத்தவரை முழங்கால் பிரச்சினை அல்ல. வயிறுதான் பிரச்சினை, அதைவிட, நான் எடுத்திருந்த ஒரு விரதம்.

வீடு நேருளில், தொழில் வாஷி தானிய மார்க்கெட்டில் பருப்பு மண்டி. காலை பத்து மணிக்கு மெத்தையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்கிற வேலை கிடையாது. சாம்பிள் வந்தால் உள்ளங்கையில் வாங்கிப் பார்ப்பேன், விலை சொல்வேன், போன் பேசுவேன். மூட்டை தூக்குகிறவர்கள் வேறே. முப்பத்தைந்து வருஷம் இப்படி உட்கார்ந்ததன் பலன் 2022-இல் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. மூன்று மாதச் சராசரி என்று ஒரு கணக்கு சொல்கிறார்களே, அது 8.1. என் தகப்பனாருக்குச் சர்க்கரையால் கால் விரல்கள் போனதை நான் கண்ணால் பார்த்தவன். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "நடங்கள்" என்றார். நடந்தேன். என் மகள் ஏற்கெனவே ஓடுகிறவள். ஒரு வருஷம் கழித்து அவள் வந்து, "அப்பா, நடக்கிறதுதான் நடக்கிறீங்க, கொஞ்சம் வேகமா நடந்தா ஓட்டம். ஜனவரிக்கு உங்க பேரையும் சேர்த்துட்டேன்" என்றாள். ஓர் அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்து அந்த வழியாக இடம் பிடித்திருந்தாள். பணம் கட்டியாகிவிட்டது என்றால் வியாபாரிக்கு வேறு வழி ஏது?

இந்த ஓட்டத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 490-இல் மாரத்தான் என்ற இடத்தில் கிரேக்கர் பாரசீகரை வென்றனர். வெற்றிச் செய்தியை ஏதென்சுக்கு ஓடிவந்து சொல்லிவிட்டு ஒரு தூதன் உயிரை விட்டான் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்தப் போரை எழுதிய ஹெரடோட்டஸ் இப்படிச் சொல்லவில்லை. போருக்கு முன்னால் உதவி கேட்டு ஏதென்சிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடிய ஒருவனைத்தான் அவர் சொல்கிறார். ஓடிவந்து விழுந்து இறந்தவன் கதை பல நூற்றாண்டு கழித்து வந்த ஆசிரியர்களிடம் காணப்படுவது. கர்ண பரம்பரை என்று நாம் சொல்வோமே, அந்த வகை. மிஷேல் பிரெயால் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தக் கதையில் மயங்கி யோசனை சொல்ல, 1896-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதல் மாரத்தான் ஓட்டம் நடந்தது. தூரம் சுமார் 40 கிலோமீட்டர். ஸ்பிரிடோன் லூயிஸ் என்ற கிரேக்கர் ஜெயித்தார். தண்ணீர் சுமந்து விற்றவர்.

பின் 42.195 என்ற விசித்திரக் கணக்கு எங்கிருந்து வந்தது? 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்காரும் இடத்துக்கு முன்னால் முடியும்படி பாதை போட்டார்கள். அது 26 மைல் 385 கஜம் வந்தது. 1921-இல் அதையே நிலையான அளவாக ஆக்கினார்கள். அதில் பாதி 21.0975 கிலோமீட்டர். மைலில் சொன்னால் பதின்மூன்றும் கொஞ்சமும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பத்து மைலை ஒரு காதம் என்பார்கள். ஆக, ஒரு காதத்துக்கு மேலே ஓட வேண்டும்.

நம் நாட்டிலும் ஓடிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அஞ்சல் ஓட்டக்காரர் என்று ஒரு உத்தியோகமே இருந்தது. சலங்கை கட்டிய கோலைப் பிடித்துக்கொண்டு தபால் பையோடு ஓடுவார். சலங்கைச் சத்தம் கேட்டால் வழி விட வேண்டும். அவருக்கு யாரும் பதக்கம் போடவில்லை. பொழுதுபோக்காக ஓடுவது நம் ஜனங்களுக்குப் புதிது. மும்பையில் இந்த ஓட்டம் 2004-இல் தொடங்கியது. 2021, 2022 இரண்டு வருஷமும் கொரோனாவால் நடக்கவில்லை. நான் ஓடியது 2024 ஜனவரி 21-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அப்போது எனக்கு வயது அறுபத்து நான்கு.

இப்போது விரதத்துக்கு வருகிறேன். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். செஞ்சிக்குப் பக்கம் ஊர். எங்கள் வீடுகளில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை என்பது பழைய ஒழுக்கம். விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் சோற்றில் விழும், தெரியாமல் உயிர்க்கொலை நேரும் என்பது காரணம். சூரியன் உதித்தபிறகுதான் மறுபடி சாப்பாடு. பம்பாய்க்கு வந்தபின் நான் இதையெல்லாம் விட்டுவிட்டிருந்தேன். 2005-இல் அம்மா காலமானபோது இனி இரவில் உண்பதில்லை என்று நியமம் எடுத்துக்கொண்டேன். தண்ணீரும் மருந்தும் விலக்கு, வேறொன்றும் கிடையாது. கல்யாண ரிசப்ஷன்களில் இதனால் பட்ட சங்கடத்தை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். ஆனால் ஒருநாள் கூடத் தவறியதில்லை.

மும்பை ஓட்டம் விடியற்காலை ஐந்து மணியையொட்டித் தொடங்குகிறது. ஜனவரியில் இங்கே சூரிய உதயம் ஏழேகால் சுமார். முந்தைய நாள் சூரியன் மறைவது ஆறரைக்குள். அதாவது ஆறு மணிக்குச் சாப்பிட்ட சாப்பாட்டை வைத்துக்கொண்டு, பதினோரு மணி நேரம் கழித்து ஓட ஆரம்பித்து, அதற்கு மேல் இரண்டு மணி நேரம் ஒன்றும் வாயில் போடாமல் ஓட வேண்டும். அதுவும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவன்.

இது ஏன் ஆபத்து என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது. நான் புரிந்துகொண்டதை என் தொழில் பாஷையில் சொல்கிறேன். நாம் சாப்பிடும் சோறு, சப்பாத்தியிலிருந்து வரும் சர்க்கரையை உடம்பு இரண்டு இடத்தில் சரக்காகக் கட்டி வைக்கிறது. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். கிளைகோஜன் என்று பெயர். தசையில் இருப்பது சில்லறைக் கடைக்கு அனுப்பிய சரக்கு மாதிரி. அந்தக் கடையே விற்றுக்கொள்ளலாம்; திரும்ப வாங்க முடியாது. கல்லீரல்தான் மொத்த குடோன். ரத்தத்துக்கும் மூளைக்கும் சப்ளை அங்கிருந்துதான். நாம் தூங்கும்போதும் மூளை வாங்கிக்கொண்டே இருப்பதால், காலையில் எழும்போது குடோனில் பெரும்பங்கு காலி.

ஓட்டத்துக்குச் செலவு எவ்வளவு? ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி. என் எடை 68. ஆக 21 கிலோமீட்டருக்கு 1,430 கலோரி. சரக்கு 500 கிராம், கிராமுக்கு நான்கு கலோரி என்றால் 2,000 கலோரி. கணக்குப் புத்தகத்தில் லாபம்தான்! ஆனால் குடோன் காலியாக இருக்கும்போது கடையில் சரக்கு இருந்து என்ன பயன்? கால் ஓடும், தலை சுற்றும். கொழுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அது பாங்கில் போட்ட டெபாசிட். நிறைய இருக்கிறது, ஆனால் அவசரத்துக்கு அந்த வேகத்தில் கைக்கு வராது. ஒரு கிலோ கொழுப்பில் 7,000 கலோரிக்கு மேல் அடக்கம் என்பதால், அரை மாரத்தான் முழுக்கக் கொழுப்பிலேயே ஓடினாலும் 200 கிராம்தான் குறையும். தொப்பை குறைக்க ஓடுகிறேன் என்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

எனக்கு இது படித்துத் தெரிந்ததல்ல, பட்டுத் தெரிந்தது. 2023 நவம்பரில் ஒரு ஞாயிறு, பாம் பீச் ரோட்டில் பதினைந்து கிலோமீட்டர் பயிற்சி. வழக்கம்போல வெறும் வயிறு. அங்கே ஒரு பக்கம் அலையாத்திக் காடு, இருட்டில் ஒரு வாடை வரும். பதினொன்றாவது கிலோமீட்டரில் கை நடுங்கியது. குளிர்ந்து வியர்த்தது. எதிரே போகிற மகள் பெயர் சட்டென்று ஞாபகத்துக்கு வரவில்லை. சாலையோரம் சைக்கிளில் டீ விற்கிற பையன் பார்த்துவிட்டான். "காக்கா, உட்காருங்க" என்று மராட்டியில் சொல்லி என் கையில் சர்க்கரையைக் கொட்டினான். நல்லவேளை, அப்போது பொழுது விடிந்திருந்தது. மகள் ஓடிவந்து கருவியில் விரலைக் குத்திப் பார்த்தபோது 58 காட்டியது. அதுவும் சர்க்கரை தின்ற பிறகு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்பது கணக்கு.

டாக்டர் கோபித்துக்கொண்டார். விஷயம் இதுதான்: சர்க்கரை மாத்திரைகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. மெட்ஃபார்மின் தனியாகச் சாப்பிட்டால் பொதுவாக ரத்தச் சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளாது. கிளிமிபிரைடு போன்றவை கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்கின்றன. சாப்பிட்டாயா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. நான் இரண்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீண்ட ஓட்டத்துக்கு முந்தின நாள் எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று அவர் எழுதிக் கொடுத்தார். அதை இங்கே நான் எழுதவில்லை. அவரவர் டாக்டரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டாம். குளுக்கோஸ் கையில் இல்லாமல் ஓடக்கூடாது, நடுக்கம் வந்தால் நின்று பதினைந்து கிராம் சாப்பிட்டுப் பதினைந்து நிமிஷம் பொறு என்றும் சொன்னார்.

வீட்டில் சண்டை. "ஏங்க, உங்க அம்மாவுக்காக விரதம் எடுத்தீங்க. ஓட்டம் யாருக்காக?" என்றாள் மனைவி. ஒன்றை விடுங்கள், இரண்டையும் பிடித்துக்கொண்டு என்னை விதவையாக்காதீர்கள் என்பது அதன் பொருள். ஊரில் எங்கள் சமய நூல்களைக் கற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எண்பதைக் கடந்தவர். நான் சந்தேகம் கேட்பது அவரிடம்தான். போன் போட்டேன். "ஐயா, நோய்க்கு மருந்து விலக்குதானே? குளுக்கோஸ் மருந்துக் கடையில்தான் விற்கிறார்கள்" என்றேன். அவர் சிரித்தார். "மருந்து உணவாகாதுப்பா. சரி. ஆனா பந்தயம் நோயா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவரும் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஆகையால் குளுக்கோஸ் பாக்கெட் சட்டைப்பையில் இருக்கட்டும், தொடாமல் முடித்துவிடுவோம் என்று தீர்மானித்தேன். மருந்து மாறியிருந்தது, வேகத்தையும் குறைத்தேன். ஜெஃப் காலோவே என்று 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஒரு முறையைப் பிரபலப்படுத்தியிருக்கிறார். களைப்பு வருமுன்பே நடுநடுவே நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். நான் இரண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று வைத்துக்கொண்டேன். நடந்தால் அவமானம் என்று நினைப்பவர்கள்தான் பாதியில் உட்காருகிறார்கள்.

முழங்கால் கேள்விக்கும் இங்கேயே பதில். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. என் அடி முக்கால் மீட்டர் என்றால் 28,000 அடிக்கு மேல். அடிக்கு 170 கிலோ என்று போட்டுப் பார்த்தேன். எங்கள் மார்க்கெட்டே தூக்காத பாரம். ஆனால் எலும்பும் தசையும் பாரத்தைக் கொடுத்தால்தான் கெட்டிப்படும். திடீரென்று கொடுத்தால்தான் உடையும். வாரத்துக்கு வாரம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். தொடைத் தசைக்குப் பயிற்சி வேண்டும். எனக்கு முழங்கால் வலி வரவில்லை. குதிகால் வலித்தது, ஒரு மாதம் நின்றேன்.

இன்னொரு சங்கடம், சிரிப்பீர்கள். எங்கள் துறவிகளுக்கு நடையைப் பற்றி ஒரு விதி உண்டு. ஈரியா சமிதி என்பார்கள். நான்கு முழத்துக்கு முன்னால் தரையைப் பார்த்து, உயிர்களை மிதிக்காமல், பகல் வெளிச்சத்தில் நடக்க வேண்டும். இல்லறத்தார் அந்த அளவுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். இருந்தாலும் ஆகஸ்டு மழையில் சாலையெங்கும் மண்புழுவும் நத்தையும் கிடக்கும்போது இருட்டில் ஓட மனசு வரவில்லை. மழை விடும்வரை எங்கள் கட்டடத்துக் கார் நிறுத்தும் தளத்திலேயே சுற்றிச் சுற்றி ஓடினேன். வாட்ச்மேனுக்கு என்மேல் பரிதாபம். ஷூவில் தோல் இல்லாததாகத் தேடி வாங்க இரண்டு கடை ஏறினோம். ஓடுகிறவர்கள் உறிஞ்சுகிற சத்துப் பசையிலும், மெல்லுகிற மிட்டாயிலும் சிலவற்றில் தேனும் ஜெலட்டினும் இருக்கின்றன. சைவ உணவுக்காரர்கள் உறையைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும் அதே வேலையைச் செய்கின்றன, விலையும் குறைவு.

இனி ஓட்டம். நாங்கள் ஓடிய அரை மாரத்தான் மாஹிமில் தொடங்கியது. இருட்டு. ஆயிரக்கணக்கான ஜனம், எல்லார் மேலும் வலி மருந்து வாசனை. நான் கோட்டைத் தாண்டும்போது மணி ஐந்தேகால் ஆகிவிட்டது. மகளை அவள் வேகத்தில் போகச் சொல்லிவிட்டேன். போகுமுன் என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

பாந்திரா - வோர்லி கடல் பாலத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2009-இல் திறந்த 5.6 கிலோமீட்டர் பாலம். அதில் நடந்து போக அனுமதி இல்லை. ஆட்டோ, ஸ்கூட்டருக்கும் இடமில்லை. காரில் போகிறவர்கள் சில நிமிஷத்தில் கடந்துவிடுகிற பாலத்தை, நாற்பது வருஷம் மும்பையில் இருந்த நான் அன்றைக்குத்தான் காலால் அளந்தேன். மேலே கம்பிகள் யாழ் நரம்பு மாதிரி சாய்ந்து போகின்றன. கீழே கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும். பேச்சுக்குரல் அடங்கி ஆயிரம் ஜோடிக் காலடி ஓசை ஒன்றாகக் கேட்டது. அந்த இடத்தில் எனக்குப் பசியோ விரதமோ நினைவில் இல்லை. வோர்லி கடற்கரையில் ஜனங்கள் ரோட்டுக்கு வந்து நின்றார்கள். ஆரஞ்சுச் சுளை, பிஸ்கட், வாழைப்பழம் என்று நீட்டுகிறார்கள். குஜராத்தி அம்மாள் ஒருத்தி சுளையை வாய்க்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டாள். கை கூப்பிவிட்டு நகர்ந்தேன்.

தண்ணீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கிடைக்கிற இடத்திலெல்லாம் குடித்துக்கொண்டே போகக்கூடாது. அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் ரத்தத்தில் உப்புச் சத்து நீர்த்துப்போகும், தலைவலி, வாந்தி, குழப்பம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேர் ரத்தத்தைச் சோதித்ததில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு உப்பு குறைந்திருந்தது. மெதுவாக, அதிக நேரம் ஓடுகிற நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இது அதிகம், ஏனென்றால் குடிக்க நேரம் நிறைய. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

ஹாஜி அலி தாண்டியதும் பெட்டர் ரோடு ஏற்றம். மும்பையில் ஓடியவர்கள் எல்லாரும் இதைப் பற்றித்தான் பேசுவார்கள். காரில் போகும்போது ஏற்றம் என்றே தெரியாது. கால் பாரமாகி மூச்சு வாங்கும்போது ஏற்றம் வருகிறதே, அதுதான் கொடுமை. இருமருங்கும் வாத்தியம் அடித்து ஜனங்கள் உற்சாகப்படுத்துகிறார்கள். நான் நடந்தேன். பாதி ஏற்றத்தில் கழுத்தில் வியர்வை குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை எனக்குத் தெரியும். விரலைப் பார்த்தேன்; நடுங்கியது. ஏற்றத்தினாலா, சர்க்கரையா? பதினேழு பன்னிரண்டு எவ்வளவு என்று மனசில் பெருக்கிப் பார்த்தேன். மண்டியில் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற கணக்கு. வரவில்லை.

கடிகாரத்தில் ஏழு மணி ஆறு நிமிஷம். சூரிய உதயம் ஏழு பதினைந்து என்று முந்தின நாளே குறித்து வைத்திருந்தேன். கிழக்கே கட்டடங்களுக்கு மேல் வானம் வெளுத்துவிட்டது. வெளிச்சத்தில் ரோட்டில் கிடந்த ஆரஞ்சுத் தோல் நிறம் தெரிகிறது. பூச்சி விழுந்தால் நன்றாகவே தெரியும். ஆனால் வெளிச்சம் வேறு, உதயம் வேறு. நியமம் எடுத்தவனுக்கு அது தெரியும். ஒன்பது நிமிஷம் ஓரமாக உட்கார்ந்திருந்தால் என்ன என்று தோன்றியது. அதே சமயம், பாம் பீச் ரோட்டில் பெற்ற மகளின் பெயர் மறந்தது ஞாபகம் வந்தது. குறைகிற சர்க்கரை ஒன்பது நிமிஷம் காத்திருக்குமா என்று யார் சொல்வது? பாக்கெட்டைப் பல்லால் கிழித்து வாயில் கொட்டிக்கொண்டேன். பத்தொன்பது வருஷத்து விரதம் பெட்டர் ரோட்டு நடைபாதையில், யாரோ டோல் அடித்துக்கொண்டிருக்கும்போது முறிந்தது. தித்திப்பாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

பதினைந்து நிமிஷம் அங்கேயே உட்கார்ந்தேன். மருத்துவ உதவிக்கு நின்ற பெண் வந்து பார்த்தாள். நான் சர்க்கரைக்காரன் என்று சொன்னதும் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, 92 என்றாள். சாப்பிடுவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்பது எனக்குத் தெரியாது. உண்மையில் சர்க்கரை குறைந்ததா, வெறும் ஏற்றமா, பயமா? அதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது.

அதற்குப் பின் மரைன் டிரைவ். வெயில் ஏறி முகத்தில் அடித்தது. அந்தக் கடற்கரை வளைவு முடியவே முடியாது. என்னைப் போல நடையும் ஓட்டமுமாக வந்த ஒரு மராட்டிக்காரர், வங்கியில் ரிடயர் ஆனவர், கூடவே வந்தார். அவர் ஃபௌஜா சிங் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். 2011-இல் டொராண்டோவில் நூறு வயதில் முழு மாரத்தான் ஓடியவர். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏற்கவில்லை. (2025 ஜூலையில் பஞ்சாபில் சொந்த ஊர்ச் சாலையில் வண்டி மோதி அவர் காலமான செய்தி வந்தபோது எனக்கு இந்த மராட்டிக்காரர் நினைவுதான் வந்தது.) சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தபோது நாங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு ஓடினோம். என் நேரம் மூன்று மணி பதினொன்று நிமிஷம். முதல் தரத்து ஓட்டக்காரர் இதே தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பார். மகள் எனக்கு நாற்பது நிமிஷம் முன்னால் வந்து காத்திருந்தாள். பதக்கத்தைப் பார்க்கவில்லை, சட்டைப்பையைத் தொட்டாள். காலியாக இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

ஹார்பர் லைன் ரயிலில் நேருள் வந்தோம். படிக்கட்டு இறங்கும்போதுதான் கால் யாருடையது என்று தெரிந்தது. மறுநாள் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளி ஒருவர் பதக்கத்தைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "சேட், எத்தனை ரூபாய் கொடுத்தாங்க?" என்றார். நான்தான் பணம் கொடுத்தேன் என்றேன். ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டே சிரித்தார். அடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி 6.8 வந்தது, இரண்டு மாத்திரையில் ஒன்றை டாக்டர் நிறுத்திவிட்டார்.

தவறுக்குக் கழுவாயாக மூன்று நாள் ஒருவேளை உணவு என்று சொன்னேன். மனைவி, "சர்க்கரைக்காரருக்கு அதுவும் கிடையாது" என்று தட்டை வைத்துவிட்டாள். ஆகவே ஊர்ப் பெரியவருக்குப் போன் போட்டேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். எத்தனை நிமிஷம் பாக்கி இருந்தது என்று கேட்டார். ஒன்பது என்றேன். எதிர்முனையில் வெகுநேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அந்தப் பாலத்து மேல நடந்தியாமே, கடல் தெரிஞ்சுதா?" என்றார்.

இருட்டாக இருந்தது ஐயா, சத்தம்தான் கேட்டது என்றேன்.